தரம் 4 வகுப்பில் ‘ஓஸ் மந்திரவாதி’: 34 பிள்ளைகள், 6 பிரதிகள், ஒரு தவணை

எழுவான்கரை
வணக்கம். மட்டக்களப்பில் தரம் 4, பிள்ளைகள் 34 பேர். அடுத்த தவணையில் ஒரு முழு மாயக்கதை நாவலை வகுப்பில் வாசிக்க அதிபர் சம்மதித்துவிட்டார். புத்தகமும் முடிவாகிவிட்டது: ஓஸ் மந்திரவாதி. சூறாவளி தூக்கிப்போன டொரத்தி என்ற சிறுமி, மூளை கேட்கும் வெருளி, இதயம் கேட்கும் தகர மனிதன், துணிவு கேட்கும் சிங்கம் மூவரோடும் வீடு திரும்ப வழி தேடி ஓஸ் என்ற மந்திரவாதியிடம் போகிற கதை. தமிழ்ப் பிரதி ஆறுதான் கிடக்கு. வாரத்துக்கு நாலு பாடவேளை, ஒவ்வொன்றும் 40 நிமிடம். ஏழெட்டுப் பேர் இன்னும் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கிறார்கள். 24 அத்தியாயத்தையும் எப்படிப் பிரிப்பது? ஆறு பிரதியை வைத்து எப்படி வாசிப்பது? பெற்றார் “மந்திரம்”, “ஸ்கொலர்சிப்” (தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை) இரண்டையும் கட்டாயம் இழுப்பார்கள், என்ன சொல்வது? “நல்ல முயற்சி, வாழ்த்துகள்” வேண்டாம். செய்து பார்க்கக்கூடிய வழி சொல்லுங்கோ.

நூலகத்தட்டு
முதலில் அந்த ஆறு பிரதியும் ஒரே பதிப்பா என்று பாருங்கள். இரண்டு பதிப்பு கலந்தால் “பக்கம் 31ஐத் திறவுங்க” என்ற சொல்லே வகுப்பைக் குழப்பிவிடும்.

அடுத்தது, அது முழுப் பிரதியா என்பது. மூன்று இடத்தைப் புரட்டினால் தெரிந்துவிடும். டொரத்திக்குக் கிடைக்கும் காலணி வெள்ளியா, சிவப்பு மாணிக்கமா? 1900இல் வந்த நாவலில் அது வெள்ளி. மாணிக்கம் 1939 சினிமாவில் வந்தது. ஆகவே மாணிக்கம் என்று போட்டிருந்தால் படத்தைப் பார்த்து எழுதிய சுருக்கம் என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டாவது, பீங்கான் மனிதர்களின் நாடு இருக்கிறதா (அத்தியாயம் 20)? சுருக்குகிறவர்கள் முதலில் வெட்டுவது அதைத்தான். மூன்றாவது, முடிவில் அவள் கட்டிலில் கண்விழித்து எல்லாம் கனவு என்று வந்தால், அதுவும் சினிமாவின் முடிவு.

உரிமை பற்றியும் ஒரு வார்த்தை. மூல ஆசிரியர் 1919இல் இறந்துவிட்டார், மூலநூலுக்குக் காப்புரிமை இல்லை. ஆனால் தமிழ் மொழிபெயர்ப்பு மொழிபெயர்த்தவருடையது. முழுப் புத்தகத்தையும் 34 போட்டோக்கொப்பி அடிக்கிற யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். தேவையான இடத்தை உங்கள் சொல்லில் ஒரு பக்கமாக எழுதி அதைக் கொப்பி எடுங்கள். அது வகுப்பின் வாசிப்பு மட்டத்துக்கும் பொருந்தும்.

வெண்கட்டித்தூள்
பிரிப்பது பற்றி.

வாரத்துக்கு இரண்டு அத்தியாயம் என்று 12 வாரத்துக்கு இழுக்காதீர்கள். திங்கள் வாசித்தது வியாழன் மறந்துவிடும், ஆறாவது வாரத்தில் தகர மனிதன் ஆர் என்று கேட்பார்கள். ஏழு வாரத்தில் முடியுங்கள். வாரம் நாலு பாடவேளை என்றால் 28 வருகிறது. மழை, விளையாட்டுப் போட்டி, கூட்டம் என்று நாலு போனாலும் அத்தியாயத்துக்கு ஒன்று மிஞ்சும்.

எல்லா அத்தியாயமும் ஒரே கனமில்லை. 12 தான் பெரியது, இரண்டு பாடவேளை எடுக்கும். அதில் 40 ஓநாயைத் தகர மனிதன் கோடரியால் வெட்டுகிறான், 40 காகத்தின் கழுத்தை வெருளி திருகுகிறது. அதை வரிக்கு வரி வாசிக்கத் தேவையில்லை, இரண்டு வசனத்தில் சொல்லித் தாண்டலாம். 5ஆம் அத்தியாயத்தில் தகர மனிதன் தன் கோடரியாலேயே ஒவ்வொரு உறுப்பாக வெட்டுப்பட்டுத் தகரமான கதையும் கொடூரம்தான். ஆனால் அதைத் தவிர்க்க முடியாது. அவன் ஏன் இதயம் கேட்கிறான் என்பதன் காரணம் அங்கேதான் இருக்கிறது. குரலைத் தாழ்த்தி, வேகமாக, நடிப்பில்லாமல் வாசியுங்கள். பயமுறுத்துவது கதையைவிட நாங்கள் வாசிக்கிற தொனிதான்.

19, 22 இரண்டையும் நீங்களே சொல்லிவிடலாம். 17இல் பலூன் பறந்துபோனபிறகு கதை தொய்கிறது, வாங்கில் சத்தம் கூடுவது அப்போதுதான்.

உரத்து வாசிப்பது நீங்கள். நிதானமாக வாசித்தால் நிமிடத்துக்கு 80, 90 சொல் போகும். ஒரு சாதாரண அத்தியாயம் 12 முதல் 15 நிமிடம். மிச்சம் 25 நிமிடம் பிள்ளைகளுக்கு. ஒரு அத்தியாயத்தில் மூன்று இடத்துக்கு மேல் நிறுத்தாதீர்கள், அந்த இடங்களை முதல்நாளே பென்சிலால் குறித்துவையுங்கள். பந்திக்குப் பந்தி நிறுத்தி “விளங்கினதா?” என்று கேட்டால் கதை அறுந்துபோகும். பிள்ளைகள் “ஓம் டீச்சர்” என்பார்கள், ஒன்றும் விளங்கியிருக்காது.

படுவான்கரை
வெண்கட்டித்தூள் சொன்ன ஏழு வாரம் சரி, ஆனால் எந்த ஏழு வாரம் என்பதைப் பாருங்க. மூன்றாம் தவணை என்றால் கார்த்திகை, மார்கழி மழை நடுவில் வரும். வெல்லாவெளி, கிரான் பக்கம் தாம்போதிக்கு (தாழ்வான பாலத்துக்கு) மேல தண்ணி ஓடினால் பாதி வகுப்பு மூன்று நாலு நாள் வராது. திரும்பி வருகிற பிள்ளைக்குக் கதை விட்ட இடம் தெரியாது, அதோட அந்தப் பிள்ளை நாவலைக் கைவிட்டுரும்.

அதுக்கு ஒரு வழி: பின்சுவரில் டிமை தாள் (பெரிய தாள்) ஒன்றை நெடுக்காக ஒட்டுங்க. ஒவ்வொரு அத்தியாயம் முடிந்ததும் இரண்டு பிள்ளைகள் சேர்ந்து இரண்டே இரண்டு வசனம் அதில் எழுத வேணும். முதலாவது என்ன நடந்தது, இரண்டாவது இப்ப எல்லாரும் எங்கே நிற்கிறார்கள். மூன்றாவது வசனத்துக்கு இடம் விடாதீங்க, விட்டால் பத்து வசனமாகும், ஒருவரும் வாசிக்கமாட்டாங்க. வராதிருந்த பிள்ளை அதை வாசித்துவிட்டுப் பக்கத்துப் பிள்ளையிடம் ஒரு கேள்வி கேட்டால் போதும்.

ஒட்டுகிற பசை முக்கியம். மழைக்காலத்தில் கோதுமைமாப் பசை பூஞ்சணம் பிடிக்கும், எறும்பும் வரும். மேல் விளிம்பில் ஒரு தடி வைத்துக் கட்டித் தொங்கவிடுங்க.

எழுவான்கரை
நன்றி. பிரதிகள் ஒரே பதிப்பு, காலணி வெள்ளி, பீங்கான் நாடும் இருக்கு. இரண்டாம் தவணைக்கே மாற்றப் பார்க்கிறேன். எழுத்துக்கூட்டி வாசிக்கிறவர்களுக்கு என்ன செய்வது? வரிசையாக ஆளுக்கொரு பந்தி வாசிக்கவிட்டால் அவர்கள் முறை வரும்போது வகுப்பே சிரிக்கிறது.

வெண்கட்டித்தூள்
அந்த வரிசை முறையை அடியோடு விடுங்கள். நல்லா வாசிக்கிற பிள்ளையும் அதில் கேட்பதில்லை. தனக்கு எந்தப் பந்தி வரும் என்று விரலால் எண்ணி அதை மனதுக்குள் ஒத்திகை பார்க்கிறது. முறை முடிந்ததும் யன்னலுக்கு வெளியே பார்க்கிறது. வாசிக்கத் திணறுகிற பிள்ளைக்கோ 33 பேர் முன்னால் தண்டனை.

ஆறு பிரதி, 34 பேர். நாலு குழு ஆறு பேர், இரண்டு குழு ஐந்து பேர், குழுவுக்கு ஒரு பிரதி. நீங்கள் உரத்து வாசித்து முடித்தபிறகுதான் பிரதி குழுவுக்குப் போக வேண்டும். அத்தியாயத்தில் உரையாடல் நிறைந்த ஒரு பக்கத்தை மட்டும் எடுங்கள். பேசுகிறவர்களைப் பிரித்துக்கொடுத்து, “என்றாள்”, “என்றது” எல்லாவற்றையும் கதைசொல்லியிடம் விட்டு, பாத்திர வாசிப்பாகச் செய்யுங்கள். எழுத்துக்கூட்டுகிற பிள்ளைக்குத் திரும்பத் திரும்ப வருகிற சிறிய பேச்சுள்ள பாத்திரம். வெருளியும் சிங்கமும் இதற்குத் தோதானவை, வசனங்கள் குறுகியவை. ஏற்கெனவே காதால் கேட்ட பக்கம் என்பதால் அரைவாசிச் சொல் நினைவிலிருந்தே வரும். மூன்று தரம் வாசித்தால் மூன்றாவது தரம் ஓடும். நாலாவது தரம் வேண்டாம், சலித்துவிடும்.

ஆறு பேர் ஒரு பிரதியைச் சுற்றி இருந்தால் எதிரே இருக்கிற இருவருக்கு எழுத்து தலைகீழ். வாங்கில் வேண்டாம், நிலத்தில் பாய் போட்டு இரண்டு வரிசையாக ஒரே பக்கம் பார்த்து இருத்துங்கள். சின்ன விஷயம்தான். இதைக் கவனிக்காத வகுப்பில் குழுவாசிப்பு இரண்டு பேர் வாசிப்பாகத்தான் முடியும்.

களரிச்சத்தம்
மட்டக்களப்பில் இருந்துகொண்டு கூத்தை எடுக்காமல் விடலாமா? வடமோடியோ தென்மோடியோ, பாத்திரம் களரிக்கு (ஆடுகளத்துக்கு) வரும்போது வரவு, அதாவது தன்னை அறிமுகப்படுத்துகிற பாட்டு, பாடித்தானே வரும். அதையே செய்யச் சொல்லுங்க. புதுப் பாத்திரம் வருகிற அத்தியாயம் 3, 5, 6 மூன்றுக்கும் ஒவ்வொரு வரவு. நாலு அடி, அதற்கு மேல் வேண்டாம். நான் யார், எங்கே இருந்து வாறேன், எனக்கு என்ன குறை, யாரைத் தேடிப் போறேன். நாலும் அமைந்தால் பாத்திரம் விளங்கிவிட்டது என்று அர்த்தம். தனியாக வினாத்தாள் தேவையில்லை.

மாதிரிக்கு வெருளி:

வைக்கோல் திணிச்ச வயிறெனக்கு – சோள
வயலில் கம்பே துணையெனக்கு
காகம் தோளில் குந்துதையோ – ஒரு
கடுகு மூளை தேடிவந்தேன்!

காகம் தோளில் குந்துவது கதையில் உள்ளதுதான். கிழட்டுக் காகம் ஒன்று வெருளியின் தோளில் வந்திருந்து, மூளை இருந்தால் நீயும் மனிதனுக்குச் சமம் என்று சொல்லிப்போகும். பிள்ளைகள் எழுதும்போது இப்படிப் புத்தகத்தில் இருந்து ஒரு செய்தியாவது உள்ளே இருக்க வேணும் என்று கட்டாயப்படுத்துங்க. இல்லாவிட்டால் “நான்தானே வெருளி, நல்ல நல்ல வெருளி” என்று நாலு அடியும் ஓடிரும்.

மத்தளம் தேவையில்லை, வாங்கில் தட்டினால் போதும். ஆனால் தாளத்தை முதலில் பழக்கிவிட்டுப் பிறகு சொல்லைப் போடுங்க. மறுவளமாகச் செய்தால் சொல் தாளத்துக்குள் அடங்காது, பிள்ளைகள் எரிச்சல்பட்டு விடுவார்கள்.

கடற்கரைப்பள்ளி
அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். சாய்ந்தமருது, மருதமுனைப் பக்கம் “மந்திரம், சூனியம்” என்கிற கேள்வி கட்டாயம் வரும். நியாயமான கேள்விதான், முகம் சுளிக்காமல் பதில் சொல்லணும். கதை தொடங்க முதலே வீட்டுக்கு ஒரு கடிதம் அனுப்புங்க. அரைப்பக்கம் போதும். புத்தகத்தின் பெயர், எத்தனை வாரம், என்ன திறன் வளரும், விரும்பினால் வந்து புத்தகத்தைப் புரட்டலாம். கதை தொடங்கி இரண்டாம் வாரம் பிள்ளை வீட்டில் போய் “சூனியக்காரி செத்துட்டா” என்று சொன்ன பிறகு விளக்கம் கொடுக்கப் போனால் அது சமாளிப்பு மாதிரித்தான் தெரியும்.

15ஆம் அத்தியாயத்தைக் கடிதத்தில் குறிப்பிடலாம். பெரிய மந்திரவாதி என்று எல்லாரும் பயந்தவர் கடைசியில் ஒரு சாதாரண மனிசன். பெரிய தலை காகிதத்தில் செய்தது, தீப்பந்து என்பது எண்ணெய் ஊற்றிக் கொளுத்தின பஞ்சு உருண்டை. ஊரை ஏமாற்றுகிற மந்திரவாதியை நம்பாதே என்கிற கதை என்று சொன்னால் அனேகமான உம்மா வாப்பாவுக்குத் திருப்தி.

நூலகத்தட்டு
கடற்கரைப்பள்ளி டீச்சர், கடிதம் நல்ல யோசனை. ஆனால் அந்தக் கடைசி வரியை அப்படியே எழுதக்கூடாது. ஓஸ் போலிதான், ஆனால் சூனியக்காரிகள் கதையில் போலி இல்லை. வெள்ளிக் காலணி உண்மையாகவே அவளை வீட்டுக்குக் கொண்டுபோகிறது, தங்கத் தொப்பி உண்மையாகவே சிறகுக் குரங்குகளைக் கூப்பிடுகிறது. “மந்திரமெல்லாம் பொய் என்று சொல்லும் கதை” என்று எழுதினால், புத்தகத்தைப் புரட்டுகிற முதல் வாப்பாவே பிடித்துவிடுவார். “இது கற்பனை உலகம். அந்த உலகத்தில் மந்திரம் உண்டு, அங்கேயும் ஏமாற்றுக்காரர் உண்டு” என்று உள்ளதை எழுதுங்க. அதுக்குப் பிறகும் வேண்டாம் என்கிற வீட்டுப் பிள்ளைக்கு வேறு புத்தகம் ஒன்றை ஆயத்தமாக வைத்திருங்க, வாதாடப் போக வேண்டாம்.

கடற்கரைப்பள்ளி
சரிதான், ஏற்றுக்கொள்கிறேன். அந்த வசனத்தையே போடலாம்.

படுவான்கரை
ஒருவரும் முதலாம் அத்தியாயத்தைப் பற்றிச் சொல்லவில்லையே. சூறாவளி வந்து வீட்டைத் தூக்கிக்கொண்டு போகுது. கான்சஸ் பிள்ளைக்கு அது எப்படியோ, எங்கட கரையில 1978 நவம்பர் 23 சூறாவளி இராத்திரியை அனுபவித்த அம்மம்மா, அப்பப்பா இன்னும் வீட்டில இருக்காங்க. 2004 டிசம்பர் 26 சுனாமியில் ஆளை இழந்த குடும்பங்களும் வகுப்பில இருக்கும். பிள்ளைகள் அதற்குப் பிறகு பிறந்தவர்கள்தான், ஆனால் வீட்டுச் சுவரில படம் தொங்குது.

அதனால “உங்க வீட்டில் அப்படி நடந்ததா?” என்று வகுப்பில் பகிரங்கமாகக் கேட்காதீங்க. வீட்டில் பெரியவர்களிடம் கேட்டு வரச் சொல்வதென்றால் கேள்வியைப் பொருளோட நிறுத்துங்க: 78 சூறாவளியில் கூரை என்னவாச்சு, தென்னை எந்தப் பக்கம் விழுந்தது, எங்கே போய் ஒதுங்கினீங்க. கேட்டு வருவதும் விருப்பமானவர்களுக்கு மட்டும். முதலாம் அத்தியாயத்தைக் கடைசிப் பாடவேளையில் வாசித்து அப்படியே வீட்டுக்கு அனுப்பவும் வேண்டாம். அதே இருப்பில் 2இன் தொடக்கத்தையும் வாசித்து, டொரத்தி பத்திரமாக இறங்கினது தெரிந்த பிறகு மணி அடிக்கட்டும்.

சுற்றாடல் பாடத்தோட இணைக்கவும் இடமிருக்கு. கதையில் சூறாவளி என்று சொன்னாலும் அங்கே வருவது ஒரு ஒடுங்கின சுழல்காற்று. நிலத்தில் உருவாகி, கொஞ்ச நேரத்தில் அடங்குகிற வகை. வங்காள விரிகுடாவில் வருவது கடலில் உருவாகி, நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் அகலத்துக்கு விரிந்து, மணிக்கணக்கில் அடிப்பது. நடுவில் காற்று அடங்கிற இடம் இருப்பதை நாவலும் சொல்லுது. அந்த அமைதியை நம்பி வெளியே வரக்கூடாது, மறுபக்கத்துக் காற்று எதிர்த்திசையில் அடிக்கும் என்பதை இங்கேயே சொல்லிக்கொடுங்க.

சில்லறைவேலை
10ஆம் அத்தியாயத்துக்குப் பச்சைக் கண்ணாடி செய்யாமல் விடாதீர்கள். மரகத நகரத்துக்குள் போகிற எல்லாருக்கும் பச்சைக் கண்ணாடி போட்டுப் பூட்டுவார்கள், ஏன் என்பது 15இல்தான் வெளிவரும்.

34 பேருக்குப் பிறிஸ்டல் போட் இரண்டு. நீளப்பக்கத்தை நடுவால் வெட்டி, 5 சென்ரிமீற்றர் அகலப் பட்டிகளாக்கினால் ஒரு போட்டில் 22 வரும். கண்ணுக்கு நேரே 3 சென்ரிமீற்றர் உயரத்தில் இரண்டு துளை. பச்சைச் செலோபன் தாளை 13க்கு 10 ஆக வெட்டி இரண்டாக மடித்து உள்பக்கம் ஒட்டுங்கள். ஒற்றைத் தாள் போதாது, வெளிர் பச்சையாகத்தான் தெரியும், பிள்ளைகள் “ஒண்டும் மாறல்ல டீச்சர்” என்பார்கள். பின்னால் லாஸ்டிக் கட்டுங்கள். பசை வேண்டாம், செலோபன் சுருங்கும். ஒட்டுநாடாதான் சரி.

கரும்பலகையில் இல்லாமல் வெள்ளைத் தாளில் சிவப்பு, பச்சை, நீலப் பேனையால் மூன்று சொல் எழுதி வையுங்கள். கண்ணாடி போட்டுப் பார்த்தால் சிவப்பு கறுப்பாகத் தெரியும், பச்சை எழுத்து தாளோடு கலந்து மங்கிவிடும். பச்சைத் தாள் பச்சை ஒளியை விட்டு மற்றதைத் தடுப்பதால் அப்படி. 15 வரைக்கும் காரணத்தைச் சொல்லாமல் இருந்தால், நகரம் மற்ற நகரங்களைவிடப் பச்சை இல்லை என்று ஓஸ் ஒப்புக்கொள்ளும் இடத்தில் வகுப்பே கத்தும்.

வெயிலைப் பார்க்கக் கூடாது என்று முதலே கண்டிப்பாகச் சொல்லுங்கள். இது சூரியனைப் பார்க்கிற கண்ணாடி இல்லை.

எழுவான்கரை
இந்தக் கண்ணாடி வேலை செய்வதற்கே ஒரு பாடவேளை போய்விடுமே கா? ஸ்கொலர்சிப் கேள்விக்கும் இன்னும் ஒருவரும் பதில் சொல்லவில்லை. கடைசியில் புள்ளி எப்படிப் போடுவது?

சில்லறைவேலை
சித்திரம், கைவேலை நேரத்தில் செய்யுங்க. வெட்டுவது நீங்கள், ஒட்டுவது மட்டும் பிள்ளைகள்.

வெண்கட்டித்தூள்
பரீட்சை தரம் 5இல், உங்களுடையது தரம் 4. அதனால் சமாளிக்கலாம். தரம் 5 என்றால் பரீட்சை முடிந்த பிறகுதான் என்பேன். முதலே தொடங்கினால் பாதியில் நிறுத்தச் சொல்வார்கள், பாதியில் நிற்கிற நாவல் தொடங்காததைவிட மோசம்.

பெற்றாருக்குக் காட்டக் கையில் ஏதாவது இருக்க வேண்டும். கேள்வி பதில் எழுதின கொப்பியைக் காட்டாதீர்கள், அதற்குப் பயிற்சிப் புத்தகமே இருக்கிறது. சான்று அட்டவணையைக் காட்டுங்கள். என்னைக் கேட்டால் இந்த நாவலை வகுப்பில் எடுப்பதே அதற்காகத்தான்.

சீ.ஆர். கொப்பியில் (பெரிய கொப்பி) இரண்டு பக்கத்தைச் சேர்த்து நாலு நிரல்: அத்தியாயம், சிக்கல், வழி கண்டது யார், புத்தகத்தில் எந்த வரி. 6ஆம் அத்தியாயத்தில் இருந்து நிரப்பத் தொடங்குங்கள். 7இல் பெரிய பள்ளம் குறுக்கே வருகிறது. சிங்கம் ஒவ்வொருவராக முதுகில் ஏற்றிப் பாயலாம் என்று சொல்வது வெருளி. அடுத்த பள்ளத்துக்கு மரத்தை வெட்டிப் பாலமாக விழுத்தச் சொல்வதும் வெருளி. துரத்தி வருகிற கலிடா மிருகங்கள் பாலத்தில் ஏறும்போது நுனியை வெட்டச் சொல்வதும் வெருளி. மூளை இல்லாதவனாம்! 6இல் தகர மனிதன் தெரியாமல் ஒரு வண்டை மிதித்துக் கொன்றுவிட்டு அழுகிறான், கண்ணீரில் தாடை துருப்பிடித்து வாய் திறக்க முடியாமல் போகிறது. அவனுக்கு இதயம் இல்லையாம். சிங்கம் பள்ளத்தைப் பாயும்போது எனக்கும் பயம் என்று சொல்லிக்கொண்டேதான் பாய்கிறது.

இங்கே ஆசிரியர் செய்கிற பிழை ஒன்று உண்டு. மூன்றாவது வரி நிரம்பியதுமே “பார்த்தீங்களா, அவனுக்கு ஏற்கெனவே மூளை இருக்கு” என்று போட்டு உடைத்துவிடுவது. வாயை மூடிக்கொண்டிருங்கள். 9இல் பொப்பி வயலில் மயங்கித் தூங்கின சிங்கத்தை இழுக்க எலிகள் நூல் கொண்டுவரட்டும், நீ வண்டி செய் என்று தகர மனிதனுக்குச் சொல்வதும் வெருளிதான். அந்த இடத்தில் ஒரு பிள்ளையாவது “டீச்சர், எல்லாத்துக்கும் வெருளிதானே சொல்லுது” என்று கேட்கும். கேட்காவிட்டால் 16 வரை பொறுங்கள். தவிட்டோடு ஊசியும் குண்டூசியும் கலந்து தலைக்குள் வைத்து “இதுதான் மூளை” என்று ஓஸ் கொடுக்கிற இடத்தில் அட்டவணையைத் திறக்கச் சொல்லுங்கள். வேறொன்றும் சொல்லத் தேவையில்லை.

புள்ளி போடுவது நாலாவது நிரலுக்கு மட்டும். வரியைச் சரியாக எடுத்திருந்தால் 2, கிட்ட வந்திருந்தால் 1. எழுத்துப் பிழைக்கு இதில் குறைக்காதீர்கள். வாய்விட்டு வரியைக் காட்டுகிற பிள்ளைக்கும் 2 கொடுங்கள், எழுத்துக்கூட்டுகிற அந்த ஏழெட்டுப் பேரும் இதில் நிற்பார்கள். சொல்லும் அத்தியாயத்துக்கு ஐந்துதான். இருபது சொல்லைப் பலகையில் எழுதிச் சொல்வதெழுதல் வைத்தால் நாவல் பாடப்புத்தகமாகிவிடும்.

நூலகத்தட்டு
22ஐச் சொல்லித் தாண்டலாம் என்றதில் எனக்கு ஒரு சின்ன மறுப்பு. தங்கத் தொப்பியை வைத்திருப்பவர் மூன்று தரம்தான் குரங்குகளைக் கூப்பிடலாம். டொரத்தி முதலாவதை மரகத நகரத்துக்குப் போக எடுக்கிறாள் (14). இரண்டாவது வீணாகிறது: கான்சஸுக்குக் கொண்டுபோகச் சொல்கிறாள், அந்த நாட்டை விட்டு வெளியே போக எங்களால் முடியாது என்று குரங்குகள் சொல்லிவிடுகின்றன (18). மூன்றாவது 22இல், சுத்தியல் தலையர்களின் குன்றைத் தாண்ட. 22ஐ வெட்டினால் கணக்கு உதைக்கும். பலகை மூலையில் மூன்று தொப்பி வரைந்து, பாவிக்கப் பாவிக்க ஒன்றை அழியுங்கள். இரண்டாவது வீணாகும்போது வருகிற ஆத்திரம் ஒன்றே அந்தத் தொய்வைத் தாங்கிப் பிடிக்கும்.

வெண்கட்டித்தூள்
ஓம், 22ஐ வாசியுங்கள். 19 மட்டும் போகட்டும்.

எழுவான்கரை
கடைசிக் கேள்வி. ஏழாம் வாரம் முடிந்ததும் சினிமாவைப் போட்டுக் காட்டலாமா? மல்டிமீடியா புரொஜெக்டர் இரவல் எடுக்கலாம்.

கடற்கரைப்பள்ளி
முடிந்த பிறகு காட்டலாம், முதல் காட்டவே வேண்டாம். முகம் பதிந்துவிட்டால் பிள்ளை தன்ட டொரத்தியை வரையாது, சினிமா டொரத்தியைத்தான் வரையும். ஆங்கிலப் படம், தமிழ் எழுத்து இல்லாவிட்டால் 20 நிமிடத்துக்கு மேல் இருக்கமாட்டார்கள். தொடக்கத்தையும் முடிவையும் மட்டும் போடுங்க.

நூலகத்தட்டு
முடிவைப் போடுவதென்றால் அதற்கு முதல்நாள் ஒரு வேலை செய்யுங்கள். 24ஆம் அத்தியாயம் அரைப்பக்கம்தான். 23இன் கடைசிப் பக்கத்தையும் சேர்த்துக் குழுக்களிடம் கொடுத்து ஒரே கேள்வி: “இது கனவா, உண்மையா? எந்த வரியை வைத்துச் சொல்றீங்க?” 23இன் முடிவில் காலணி பாலைவனத்தில் கழன்று விழுந்து, அவள் காலுறையோடு நிற்பது ஒரு சான்று. இன்னொன்று தேடினால்தான் கிடைக்கும்: பழைய வீட்டைச் சூறாவளி கொண்டுபோனதால் மாமா ஹென்றி புது வீடு கட்டியிருக்கிறார், அது அங்கே நிற்கிறது. கனவு என்றால் புது வீடு எதற்கு? அதைக் கண்டுபிடித்த குழு மறுநாள் சினிமாவின் முடிவைப் பார்த்துச் சண்டைக்கு வரும். அந்தச் சண்டைக்கு 30 நிமிடம் விடுங்கள், படத்துக்குப் பத்து நிமிடம் போதும்.